ஏடும் உளியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வழக்கு. ஏட்டில் எழுதிய சுரைக்காயை நறுக்கிக் கறி சமைக்க முடியாது என்பது உண்மையே. ஆயினும், சுரையை நட்டு நீர் வார்த்து வளர்த்துச் சந்தைக்குக் கொண்டுசெல்பவனுக்கு ஏடு வாசிக்கத் தெரியாவிடின், நிறையையும் விலையையும் பிறர் சொல்லவே அவன் கேட்டுக்கொள்ள வேண்டியவனாகிறான். அதுவும் உண்மையே. ஏடு மட்டும் அறிந்தவன் பசித்திருக்கிறான். கருவி மட்டும் அறிந்தவன் ஏமாற்றப்படுகிறான்.

பாடசாலைப் படிப்பை இடைநடுவில் விட்டுவிட்ட இளைஞனின் நிலை இவ்விருவரது நிலையினும் இரங்கத்தக்கது. அவன் கையில் ஏடும் இல்லை, கருவியும் இல்லை. தொழில் கேட்டுச் செல்லுமிடத்தில், தராதரப் பத்திரம் எங்கே என்கிறார்கள். அதைப் பெறுவதற்கு மீண்டும் பாடசாலைக்குச் செல்ல எண்ணினால், வீட்டில் அடுப்பு எரிவதற்கு வழி என்ன என்ற கேள்வி எதிரே நிற்கிறது. பதினாறு வயதில் விட்ட வகுப்பிலே இருபது வயதில், சிறுவரோடு சிறுவராக அமர்ந்திருக்க மனமும் ஒப்புவதில்லை. இத்தகைய இளைஞனுக்கு ஏட்டையும் கருவியையும் ஒரே கூரையின் கீழ், ஒரே காலத்தில் கொடுக்க முடியுமா?

இவ்வினாவுக்கு விடை தேடிய நாடுகளுள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு ஆராயத்தக்கது. 1933ஆம் ஆண்டு தொடங்கி இற்றைவரை அந்நாடு இம்முயற்சியைப் பல உருவங்களில் மேற்கொண்டிருக்கிறது. சில இடங்களில் அது வெற்றி கண்டது. சில இடங்களில் இடறியது. இடறிய இடங்களும் வெற்றி கண்ட இடங்களைப் போலவே பாடம் புகட்டுவன.

முதலில் ஒன்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். உயர்நிலைப் பாடசாலைப் படிப்பை முடியாதிருத்தல் அமெரிக்காவில் நெடுங்காலம் ஒரு குறையாகக் கருதப்படவில்லை. 1940ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, இருபத்தைந்து வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ள மக்களுள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினரே அப்படிப்பை முடித்தவர்கள். எஞ்சியோர் வயலிலும் சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்துக் குடும்பம் நடத்தினர். பத்திரம் இல்லாதவரே பெரும்பான்மையோராய் இருந்தமையால், பத்திரம் இல்லை என்று எவரும் ஒதுக்கப்படவில்லை. 1917ஆம் ஆண்டில் ஸ்மித் - ஹியூஸ் சட்டம் என வழங்கும் சட்டம் நிறைவேறியபோது, உழவுத்தொழில், கைத்தொழில், மனையியல் ஆகியவற்றைப் பாடசாலைகளிற் கற்பிப்பதற்கு மத்திய அரசாங்கம் பணம் வழங்கத் தொடங்கியது. அது நன்முயற்சியே. எனினும், ஏட்டுக்கல்வி ஒரு பாதை, தொழிற்கல்வி வேறொரு பாதை என்ற பிரிவினையை அது உறுதிப்படுத்தியது. பாடசாலைக்கு வெளியே வேலையின்றி நின்ற இளைஞனையோ அச்சட்டம் நோக்கவில்லை.

அவனை நாடு நோக்கும்படி செய்தது வறுமை. 1929ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி, 1933இல் உழைப்பாளருள் நான்கில் ஒருவரை வேலையற்றவராக்கியது. முதியோருக்கே வேலை இல்லாத காலத்தில் இளையோரை யார் அழைப்பர்? அவ்வாண்டு மார்ச் மாதம் 4ஆம் திகதி ஜனாதிபதியாகப் பதவியேற்ற பிராங்ளின் ரூஸ்வெல்ற், அதே மாதம் 31ஆம் திகதி ஒரு சட்டத்திற் கைச்சாத்திட்டார். இயற்கை வளம் பேணும் குடியியற் படை அச்சட்டத்தின் வழியே பிறந்தது. ஏப்பிரில் மாதம் முடியுமுன்னரே வேர்ஜீனியா மாநிலத்துக் காடொன்றில் அதன் முதல் முகாம் எழுந்தது.

பதினெட்டு முதல் இருபத்தைந்து வயதுவரையான, மணமாகாத, வேலையற்ற ஆண்கள் அப்படையிற் சேர்க்கப்பட்டனர். முகாமொன்றுக்கு ஏறக்குறைய 200 பேர். உணவும் உடையும் உறையுளும் அரசாங்கத்தின் பொறுப்பு. மாதச் சம்பளம் 30 டொலர். அதில் ஏறத்தாழ 25 டொலர் நேரே வீட்டுக்கு அனுப்பப்பட்டது. மரம் நடுதல், காட்டுத்தீயை அணைத்தல், மண்ணரிப்பைத் தடுத்தல், பூங்காக்களை அமைத்தல் ஆகியவை அவர்களுடைய பணி. 1942ஆம் ஆண்டில் அப்படை கலைக்கப்படும்வரை ஏறக்குறைய 30 இலட்சம் இளைஞர் அதிற் பணியாற்றினர். அவர்கள் நட்ட மரங்களின் தொகை 300 கோடி எனக் கணிப்பர்.

இங்கேதான் நமது வரலாறு தொடங்குகிறது. முகாம்களுக்கு வந்த இளைஞருட் பலர் பாடசாலையை முடியாதவர். சிலர் தம் பெயரையும் எழுதத் தெரியாதவர். பகல் முழுதும் உழைத்தவர்கள் மாலை நேரத்தை எவ்வாறு கழிப்பது என்ற வினாவும் எழுந்தது. ஆகவே 1933ஆம் ஆண்டின் இறுதியிற் கல்வித் திட்டமொன்றுக்கு ஜனாதிபதி ஒப்புதல் அளித்தார். முகாம்தோறும் ஒரு கல்வி ஆலோசகர் நியமிக்கப்பட்டார். எழுத்தறிவு முதல் உயர்நிலைப் பாடங்கள்வரை, தட்டெழுத்து முதல் இயந்திரம் பழுதுபார்த்தல்வரை மாலை வகுப்புகள் நடைபெற்றன. பல்லாயிரம் இளைஞர் முகாமிலேயே எழுதவும் வாசிக்கவும் கற்றனர்.

ஆயினும் அக்கல்வி ஒட்டுச்செடியாகவே இருந்தது. படையின் தலைவராயிருந்த றொபேட் பெக்னர் தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர். படிப்பு வேலையைக் கெடுத்துவிடும் என்று அஞ்சினார். முகாம்களை நடத்திய இராணுவ அதிகாரிகளுக்கும் வகுப்புகளில் நம்பிக்கை குறைவு. வகுப்புக்கு வருவது இளைஞனின் விருப்பத்தைப் பொறுத்தது. நாள் முழுதும் கோடரி பிடித்த கை இரவில் எழுதுகோல் பிடிக்கும்போது சோர்ந்துவிடுவது இயல்பே. 1937இல் நிறைவேறிய சட்டம், வாரத்திற் பத்து மணிநேரமேனும் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் ஒதுக்க இடமளித்தது. அப்பொழுதும் உழைப்பே முதன்மை பெற்றது. ஏடு பின்னே நடந்துவந்தது. மேலும் பெண்களுக்கு அப்படையில் இடமில்லை. கறுப்பின இளைஞரோ பெரும்பாலும் தனி முகாம்களில் ஒதுக்கப்பட்டனர்.

1935ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உருவான தேசிய இளைஞர் நிருவாகம் இதற்கு நேர்மாறான வழியிற் சென்றது. படிப்பை விட்டவனை முகாமுக்கு அழைப்பதற்கு முன், படிக்கின்றவன் விடாதிருக்கச் செய்வோம் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. உயர்நிலைப் பாடசாலை மாணவர் நூலகத்திலோ அலுவலகத்திலோ பகுதிநேர வேலை செய்தால், மாதம் ஆறு டொலர்வரை வழங்கப்பட்டது. ஆறு டொலர் சிறுதொகையே. எனினும் பாதணிக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் வழியின்றிப் படிப்பை நிறுத்த இருந்த பிள்ளைகளை அது வகுப்பறையில் நிறுத்தி வைத்தது. பாடசாலைக்கு வெளியே இருந்த இளைஞருக்கும் ஆண், பெண் என்ற வேறுபாடின்றி அது வேலையும் பயிற்சியும் அளித்தது. கறுப்பின இளைஞருக்கான பிரிவுக்கு மேரி மக்லியொட் பெத்தூன் என்னும் கல்விமாது தலைமை தாங்கினார். ரெக்சாஸ் மாநிலத்தில் அந்நிருவாகத்தை நடத்தியவர் இருபத்தாறு வயது நிரம்பிய ஓர் இளைஞர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் கொற்றுல்லா என்னும் சிற்றூரில் மெக்சிக்க வமிசத்து ஏழைப் பிள்ளைகளுக்கு ஆசிரியராயிருந்தவர். லிண்டன் ஜோன்சன் என்பது அவர் பெயர். இப்பெயர் இவ்வரலாற்றில் மீண்டும் வரும்.

போர் மூண்டது, இளைஞர் முகாம்கள் கலைந்து போர் முகாம்கள் எழுந்தன. அப்போரின் நடுவே, 1942ஆம் ஆண்டில், பிற்காலத்தில் பெரும்பயன் விளைத்த ஒரு சிறு ஏற்பாடு தோன்றியது. பாடசாலையை முடிக்குமுன் படையிற் சேர்ந்தவர்கள் திரும்பி வரும்போது மீண்டும் வகுப்பில் அமர வேண்டுமா? அவர்கள் வேறு வழியாற் பெற்ற அறிவை ஒரு பரீட்சையால் அளந்து, உயர்நிலைக் கல்விக்குச் சமமான தராதரப் பத்திரத்தை வழங்கினால் என்ன? இவ்வெண்ணத்தின் விளைவே பொதுக்கல்வி விருத்திப் பரீட்சை. எழுத்து, இலக்கியம், சமூகக்கல்வி, விஞ்ஞானம், கணிதம் என ஐந்து பகுதிகளையுடையதாக அது அமைந்தது. 1947இல் நியூயோர்க் மாநிலம் படைவீரர் அல்லாத மக்களுக்கும் அதனைத் திறந்துவிட்டது. காலப்போக்கில் ஏனைய மாநிலங்களும் பின்பற்றின. பாடசாலையின் முன்வாயிலால் வெளியேறியவனுக்கு ஒரு பக்கவாயில் கிடைத்தது எனலாம்.

பக்கவாயில் அமைந்ததும் நன்றே. ஏனெனில் முன்வாயிலுக்கு வெளியே நிற்போரின் நிலை விரைந்து மாறிக்கொண்டிருந்தது. 1940இல் நான்கில் ஒருவரிடம் இருந்த பத்திரம், 1960இல் ஐந்தில் இருவரிடம் இருந்தது. 2000ஆம் ஆண்டில் ஐந்தில் நால்வரிடம் இருந்தது. எல்லோரும் வெறுங்காலுடன் நடக்கும் ஊரில் செருப்பில்லாதவனை எவரும் கவனிப்பதில்லை. எல்லோரும் செருப்பணிந்த ஊரில் அவனே எல்லோர் கண்ணிலும் படுகிறான். இயந்திரங்கள் பெருகப் பெருக, தோள்வலி ஒன்றையே வேண்டிய தொழில்கள் குறைந்தன. பத்திரம் சிலரின் பெருமையாக இருந்த காலம் போய், அது இல்லாமை சிலரின் தண்டனையாக மாறியது.

1964ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான அரசாங்க அறிக்கையொன்று நாட்டைத் திடுக்கிடச் செய்தது. பதினெட்டு வயதை எய்தும் ஆண்களுள் மூன்றில் ஒரு பங்கினர், உடல்நலக் குறைவாலோ கல்விக் குறைவாலோ இராணுவ சேவைக்குத் தகுதியற்றவர் என்று அது கூறிற்று. அப்போது ஜனாதிபதியாயிருந்தவர், முன்னே குறிப்பிட்ட லிண்டன் ஜோன்சன். வறுமைக்கு எதிராகப் போர் தொடுப்பதாக அதே மாதத்தில் அவர் அறிவித்தார். ஆகஸ்ட் மாதம் 20ஆம் திகதி பொருளாதார வாய்ப்புச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின் வழியே, சார்ஜன்ற் ஷ்ரைவரின் மேற்பார்வையில், 'ஜொப் கோர்' என வழங்கும் தொழிற்படை உருவாயிற்று. முதல் நிலையம் 1965ஆம் ஆண்டு ஜனவரியில் மேரிலாந்து மாநிலத்தின் கற்றொக்ரின் மலைப்பகுதியில் திறக்கப்பட்டது.

பழைய வளம் பேணும் படைக்கும் புதிய தொழிற்படைக்கும் உள்ள வேறுபாடு யாது? முன்னையது வேலை கொடுத்து, அதனோடு படிப்பையும் சேர்த்தது. பின்னையதோ பயிற்சியையும் படிப்பையும் தன் இரு கண்களாகக் கொண்டது. பதினாறு முதல் இருபத்தொரு வயதுவரையான இளைஞர் நிலையத்திலேயே தங்கினர். நாளின் ஒரு பகுதி பட்டறையில் அல்லது காட்டில். மற்றொரு பகுதி வகுப்பறையில். எழுத்துக்கூட்டியே வாசிக்க வல்லவர் பலர் வந்தமையால், அவரவர் வேகத்துக்கு ஏற்றவாறு படிப்படியாக ஏறிச்செல்லும் பாடநூல்கள் பயன்படுத்தப்பட்டன. ஒரிகன் மாநிலப் பிரதிநிதி ஈடித் கிறீன் அம்மையார் வற்புறுத்தியமையாற் பெண்களுக்கும் அதில் இடம் கிடைத்தது.

ரெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்ரன் நகரத்து வறிய பகுதியிலிருந்து, பாடசாலையை விட்டுவிட்ட ஓர் இளைஞன் 1965இல் அத்தொழிற்படையிற் சேர்ந்தான். ஒரிகன் மாநில நிலையமொன்றிலும் பின்னர்க் கலிபோர்ணியாவிலும் பயிற்சி பெற்றான். தொழிலும் கற்றான், உயர்நிலைக்குச் சமமான பத்திரத்தையும் பெற்றான், குத்துச்சண்டையும் அங்கேதான் பழகினான். 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ நகர ஒலிம்பிக் விழாவிற் பொற்பதக்கம் வென்று, பின்னர் உலகப் பெருவீரனாக விளங்கிய ஜோர்ஜ் போமனே அவ்விளைஞன். 2025இல் இறக்கும்வரை உலகறிந்தவராக வாழ்ந்த அவர், தம்மை மீட்டது அத்தொழிற்படையே என்று பலமுறை கூறியுள்ளார்.

ஒரு போமனைக் கொண்டு ஒரு திட்டத்தை அளத்தல் தகாது. தொடக்க ஆண்டுகளில் இடர்ப்பாடுகள் பல. வீட்டு நினைவு தாளாமற் பல இளைஞர் சில வாரங்களிலேயே நிலையத்தை விட்டு ஓடினர். அயலூர் மக்கள் அஞ்சினர்; செலவு மிகுதி என்று காங்கிரஸ் சபையிற் குறை கூறப்பட்டது. 1969இல் ஜனாதிபதி நிக்சனின் அரசாங்கம் 59 நிலையங்களை மூடிவிட்டு, எஞ்சியவற்றைத் தொழில் திணைக்களத்திடம் ஒப்படைத்தது. இருந்தும் தொழிற்படை மடியவில்லை. பல ஜனாதிபதிகளின் காலத்தைக் கடந்தும் அது நிலைத்தது.

அதன் பயனை அளக்கும் பெரிய ஆய்வொன்று 1994ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிற்று. விண்ணப்பித்தவருள் ஒரு பகுதியினரைச் சீட்டுக் குலுக்கற் போன்ற முறையால் ஒதுக்கி, சேர்ந்தவரையும் சேராதவரையும் நான்கு ஆண்டுகள் ஒப்பிட்டு நோக்கினர். முன்னரே பத்திரம் பெற்றிராதவருள், தொழிற்படைக்கு அழைக்கப்பட்டோரில் நூற்றுக்கு 42 பேர் பொதுக்கல்வி விருத்திப் பத்திரத்தைப் பெற்றனர். அழைக்கப்படாதோரில் 27 பேரே பெற்றனர். கைதுசெய்யப்படுவோர் தொகையும் குறைந்தது. நான்காம் ஆண்டில் வருமானமும் ஏறக்குறைய நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு உயர்ந்து காணப்பட்டது. ஆனால் பிந்திய ஆண்டுகளின் வருமானப் பதிவுகளை ஆராய்ந்தபோது, இருபது வயதுக்கு மேற்பட்டுச் சேர்ந்தவருக்கே அப்பயன் நிலைத்தது என்பதும், இளையவர்களுக்கு அது தேய்ந்துபோயிற்று என்பதும் தெரியவந்தன.

பத்திரத்தைப் பற்றியும் கசப்பான உண்மையொன்று வெளிப்பட்டது. 1993இல் ஸ்ரீபன் கமரன், ஜேம்ஸ் ஹெக்மன் என்னும் பொருளியலறிஞர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இவருள் ஹெக்மன் பின்னர், 2000ஆம் ஆண்டில், நோபல் பரிசு பெற்றவர். பரீட்சையால் மட்டும் பத்திரம் பெற்றவர்கள், பாடசாலையை முறைப்படி முடித்தவர்களைப் போலச் சம்பாதிப்பதில்லை. பாடசாலையை விட்டவர்களையே பெரிதும் ஒத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஏன் அவ்வாறு? பரீட்சை ஒருவனுடைய அறிவை அளக்கும். காலையில் நேரத்துக்கு எழுதல், கடினமான வேலையைக் கைவிடாதிருத்தல், சொன்ன சொல்லைக் காத்தல், மேலாளரின் கண்டிப்பைப் பொறுத்தல் ஆகிய பண்புகளைப் பரீட்சை அளப்பதில்லை, வளர்ப்பதும் இல்லை. பாடசாலையில் ஆண்டுக்கணக்கில் இருந்தவன் அவற்றைத் தன்னை அறியாமலே பழகுகிறான். பக்கவாயிலால் வந்தவன் அவற்றை எங்கே பழகுவான்?

இவ்வினாவுக்கு ஆராய்ச்சியாளர் விடை கூறுமுன்பே, நியூயோர்க் நகரத்துச் சேரியொன்றிலே ஒரு விடை உருவாகிக்கொண்டிருந்தது. 1970ஆம் ஆண்டுகளில் கிழக்கு ஹார்லெம் பகுதியில் வீட்டுச் சொந்தக்காரர் பலர் தம் கட்டடங்களைக் கைவிட்டுச் சென்றனர். கதவும் சாளரமும் பெயர்க்கப்பட்டு, தீக்கிரையாகி, மாடிவீடுகள் வெறுங்கூடுகளாய் நின்றன. அக்கூடுகளின் எதிரிலேயே வீடற்றவர்கள் தெருவிற் படுத்தனர். வேலையற்ற இளைஞர் மூலைகளில் நின்றனர். ஹார்லெமில் ஆசிரியராகப் பணியாற்றிய டொறதி ஸ்ரோன்மன் என்னும் அம்மையார் 1978இல் அவ்விளைஞரிடம் ஒரு கேள்வி கேட்டார். பெரியவர்கள் துணைநின்றால், உங்கள் ஊரைத் திருத்துவதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதே அக்கேள்வி. பாழடைந்த வீடுகளைத் திருத்தி, வீடற்றவர்களுக்குக் கொடுப்போம் என்பது அவர்களின் விடைகளுள் ஒன்று. அவ்விடையை ஏற்று ஒரு கட்டடத்தைத் திருத்தும் வேலை தொடங்கப்பட்டது.

'யூத்பில்ட்' எனப்படும் இளைஞர் கட்டுமானத் திட்டம் அவ்விதையிலிருந்து முளைத்தது. 1990இல் அது நாடளாவிய நிறுவனமாயிற்று. 1992இல் காங்கிரஸ் சபை சட்டமியற்றி அதற்குப் பணம் ஒதுக்கியது. முதலில் வீடமைப்புத் திணைக்களத்தின் கீழ் இருந்த அத்திட்டம் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழில் திணைக்களத்துக்கு மாற்றப்பட்டது. பதினாறு முதல் இருபத்துநான்கு வயதுவரையான, பெரும்பாலும் பாடசாலையை முடியாத, வறிய இளைஞரே அதிற் சேர்க்கப்படுகின்றனர்.

அதன் நடைமுறை எளிது. காலத்திற் பாதி வகுப்பறையில். பாதி கட்டட வேலைத்தலத்தில். பல இடங்களில் இளைஞரை இரு குழுக்களாகப் பிரிக்கின்றனர். ஒரு குழு கணிதமும் மொழியும் படிக்கும் வாரத்தில் மற்றைய குழு சுவர் எழுப்பும். அடுத்த வாரம் இடம் மாறும். வேலைத்தலத்துக்கு ஒரு தேர்ந்த தச்சரோ மேசனோ பொறுப்பாக இருப்பார். வேலைக்குச் சிறு படியும் வழங்கப்படும். உயர்நிலைப் பத்திரத்துக்கான படிப்பு, தொழிற்பயிற்சி, குறைகளைக் கேட்டு வழிகாட்டும் ஆலோசகர், திட்டத்தை நடத்துவதில் இளைஞரின் கருத்துக்கு இடமளிக்கும் குழு என நான்கும் ஒன்றாய்ப் பின்னப்பட்டிருக்கின்றன. அவர்கள் எழுப்பும் வீடு விற்பனைச் சரக்கன்று. தம் ஊரின் வறியவர் ஒருவர் குடியிருக்கப்போகும் வீடு.

இவ்விணைப்பின் உட்பொருளை ஒரு சிறு உதாரணத்தால் விளக்கலாம். வீட்டுக்கு அத்திவாரம் கோலும்போது மூலை சரியான செங்கோணமாக அமைதல் வேண்டும். மேசன்மார் என்ன செய்கிறார்கள்? ஒரு பக்கக் கயிற்றில் மூன்று அடியில் ஓர் அடையாளம். மறுபக்கக் கயிற்றில் நான்கு அடியில் ஓர் அடையாளம். இவ்விரண்டுக்கும் குறுக்கே அளந்தால் ஐந்து அடி வரவேண்டும். வந்தால் மூலை சரி, வராவிட்டால் பிழை. மூன்றின் வர்க்கமும் நான்கின் வர்க்கமும் கூடி ஐந்தின் வர்க்கமாகும் என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதியபோது ஓடிப்போன மாணவனே, வேலைத்தலத்தில் அதைக் கண்டு நிற்கிறான். ஏனெனில் அங்கே பிழைத்தாற் சுவர் கோணும். கோணிய சுவரை எல்லோரும் காண்பர். அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்த அளவுநாடா அவனுக்குப் பின்னங்களைக் கற்பிக்கிறது. படிக்கட்டின் உயரத்தைச் சமமாகப் பங்கிடும்போது வகுத்தல் அவன் கைக்கு வருகிறது. மறுவாரம் வகுப்பறைக்குத் திரும்பும்போது, கணிதம் அவனுக்கு அந்நியமாய் இருப்பதில்லை. ஏட்டுக்குக் கருவி பொருளைக் கொடுக்கிறது. கருவிக்கு ஏடு எதிர்காலத்தைக் கொடுக்கிறது.

பரீட்சை அளக்காத பண்புகளும் அங்கேதான் விளைகின்றன. ஒருவன் காலையில் வராவிட்டால், பலகையின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. அவன் வராமை ஆசிரியரின் பதிவேட்டில் ஒரு கோடாக நின்றுவிடாமல், தோழனின் தோளிற் பாரமாக இறங்குகிறது. ஊரவர் ஐயத்தோடு நோக்கிய இளைஞர், அதே தெருவில் ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டிக் கொடுக்கும்போது ஊரின் பார்வை மாறுகிறது. அவர்கள் தம்மை நோக்கும் பார்வையும் மாறுகிறது.

இத்திட்டமும் ஆய்வுக்கு உட்பட்டது. 75 நிலையங்களையும் ஏறக்குறைய 4,000 இளைஞரையும் கொண்டு, முன்போலவே சேர்ந்தவரையும் சேராதவரையும் நான்கு ஆண்டுகள் ஒப்பிட்ட ஆய்வின் இறுதி அறிக்கை 2018இல் வெளியாயிற்று. உயர்நிலைக்குச் சமமான பத்திரம் பெற்றோர் தொகை கூடியது. கல்லூரியிற் சேர்ந்தோர் தொகையும் கூடியது. பொதுப்பணியில் ஈடுபடுவோரும் மிகுந்தனர். சம்பளமும் வருமானமும் உயர்ந்தன, ஆயினும் சிறிதளவே. சட்டத்துக்கு முரணான செயல்களில் ஈடுபடுவதைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு காணப்படவில்லை.

இம்முடிவு சிலருக்கு ஏமாற்றம் அளிக்கலாம். ஓராண்டுக் காலத்துக்கு மேற்படாத பயிற்சி, பதினெட்டு ஆண்டுக் கால வறுமையை அழித்துவிடும் என எதிர்பார்த்தவர்க்கே அது ஏமாற்றம். பயிற்சி ஒருவனைத் தொழிலுக்குத் தகுதியாக்கும். தொழிலை அது படைப்பதில்லை. தொழிற்சாலை மூடப்பட்ட ஊரில் எத்துணைச் சிறந்த தச்சனும் காத்திருக்கவே வேண்டும். இளைஞனுக்குப் பயிற்சி அளிக்கும் அரசாங்கம், பயின்றவன் சென்று நிற்பதற்கு ஓர் இடத்தையும் உண்டாக்கல் வேண்டும் என்பதையே இவ்வாய்வுகள் உணர்த்துகின்றன.

இத்தகைய நிறுவனங்கள் நிலையானவை என்று எண்ணுவதும் தவறு. வளம் பேணும் படை 1942இலும், தேசிய இளைஞர் நிருவாகம் அதனை அடுத்த ஆண்டிலும் முடிவுற்றன. அறுபது ஆண்டுகள் நிலைத்த தொழிற்படையும், 2025ஆம் ஆண்டு மே மாத இறுதியில், செலவு மிகுதி, பயன் குறைவு என்ற காரணங்களால் ஆட்டங் கண்டது. ஒப்பந்தகாரர் நடத்திய நிலையங்களின் பணியை நிறுத்திவைப்பதாகத் தொழில் திணைக்களம் அறிவித்தது. அடுத்த மாதமே நியூயோர்க்கிலுள்ள மத்திய அரசாங்க நீதிமன்றமொன்று அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. நிலையத்திலே தங்கியிருந்த இளைஞருட் பலருக்கு அதைத் தவிர வேறு வீடில்லை என்ற உண்மை அப்பொழுது பலர் கவனத்துக்கு வந்தது. கணக்கேட்டில் ஒரு வரியாகத் தோன்றியது, அவர்களுக்கோ தலைக்குமேல் இருந்த கூரை.

தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. உழைப்பே தலையாய், படிப்பு மாலைநேரத்து மிச்சமாய் இருந்த முகாமிற் படிப்பு தளர்ந்தது. பத்திரமே தலையாய், பழக்கம் இல்லாதிருந்த இடத்திற் பத்திரம் பயன் குன்றியது. ஏட்டுக்கும் உளிக்கும் சமமான நேரமும் சமமான மதிப்பும் கிடைத்த இடத்திலே, விளைவு பெரிதாயினும் சிறிதாயினும், பயிர் வேர்கொண்டது. அவ்விடத்திலும் வேர்கொள்ளச் செய்தது பாடத்திட்டம் மட்டுமன்று. பாடசாலையை விட்ட இளைஞனை நோக்கி, நீ ஏன் ஓடினாய் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, நீ என்ன கட்டுவாய் என்று கேட்ட ஒருவர் அங்கே இருந்தார்.

பாடசாலையை விட்டவன் அறிவை விட்டவன் அல்லன். அவனை விட்டது வாய்ப்பே. அவ்வாய்ப்பு இரண்டாம் முறை வரும்போது ஒரு கையில் ஏட்டையும் மறு கையில் உளியையும் ஏந்தி வருதல் வேண்டும். எந்த நாட்டிலும் இளைஞனுக்கு இரு கைகளே உண்டு. அவ்விரண்டையும் நிறைப்பதே அவனுக்குச் செய்யத்தக்க நீதியாகும்.